கடற்காற்றும் கசெற் பெட்டியும்: கேள்வி பதில்

திருகோணமலையில் நெடுங்காலமாக ரேப் ரெக்கோடர்களையும் வானொலிப் பெட்டிகளையும் திருத்தி வருகிறேன். அவற்றைப் பராமரிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உவர்மலையில் இருந்து: அப்பாவின் குரல் பதிந்த கசெற் ஒன்று அலுமாரியில் கிடைத்தது, ஐயா. அவருடைய பழைய ரேப் ரெக்கோடரிலேயே போட்டுக் கேட்கலாமா?

இன்றைக்கு வேண்டாம், மகள். ஒருவர் தன் தாயார் பேசிய ஒரே கசெற்றை, பல வருடம் ஓடாத பெட்டியில் நேராகப் போட்டுவிட்டு அழுதுகொண்டு என்னிடம் வந்தார். நாடா வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடும். ஒரு சாண் நீளம் கசங்கினால் நாலைந்து வினாடிப் பேச்சு கெட்டுப்போகும். அவருக்குப் போனது இரண்டு சாண்.

முதலில் பற்றரியையும் மின்வயரையும் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். நாடாவைத் தொட்டு வாசிக்கும் பளபளப்பான ஹெட், அதன் அருகே மெல்லிய உருக்குத் தண்டு, அதோடு நாடாவை அழுத்தும் இறப்பர் சில்லு ஆகிய மூன்றையும் துடைக்க வேண்டும். அவற்றில் படிந்திருக்கும் கபில நிறத் தூள், பழைய நாடாக்களில் இருந்து உதிர்ந்த இரும்பு ஒக்சைட். 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுறொப்பைல் அற்ககோலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை ஹெட்டையும் தண்டையும் துடையுங்கள். எண்ணெய் கலந்த ஸ்பிரிட்டை வாங்கிவிடாதீர்கள். இறப்பர் சில்லுக்கு இலேசான சவர்க்கார நீரில் பிழிந்த துணி போதும். அற்ககோல் அடிக்கடி பட்டால் இறப்பர் காய்ந்துவிடும். எல்லாம் நன்றாக உலரட்டும்.

பிறகு, போனாலும் கவலையில்லாத ஒரு பாட்டுக் கசெற்றை இரண்டு பக்கமும் முழுவதுமாக ஓட விடுங்கள். நாடா சிக்காமல் ஓடினால்தான் அப்பாவின் கசெற்றைக் கையில் எடுக்க வேண்டும். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் போடவே வேண்டாம். அது பெட்டிக்கும் தொற்றி, அடுத்த கசெற்றுக்கும் போகும். நாடாவுக்குப் பின்னால் செப்புத் தகட்டில் ஒட்டிய சிறு கம்பளித் துண்டு விழாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கசெற்றின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் தடுப்புகளையும் உடைத்துவிட்டால், கை தவறிப் பதிவு விசையை அழுத்தினாலும் குரல் அழியாது. இயர்போன் துளையில் இருந்து கணினிக்கு வயர் கொடுத்து, முதல் தடவை ஓடும்போதே பிரதி எடுத்துவிடுங்கள். இரண்டாவது தடவை கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

கிண்ணியாவில் இருந்து: பாட்டு இழுத்து இழுத்துக் கேட்கிறது.

புதுப் பற்றரி போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் இழுத்தால் உள்ளே இறப்பர் பெல்ற் தளர்ந்திருக்கும். சிலவற்றில் அது தார் போல உருகி ஒட்டியிருக்கும். அற்ககோலால் முழுவதும் துடைத்தெடுத்த பிறகே புதியதை மாட்ட வேண்டும்.

நிலாவெளியில் இருந்து: வீடு கடலோரம், அண்ணா. ஏரியல் குழாய் பச்சை பிடிக்கிறது, வொலியூம் திருகினால் கரகரக்கிறது.

உப்புதான் காரணம், தம்பி. வாரம் ஒருமுறை நல்ல நீரில் பிழிந்த துணியால் ஏரியலைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்த பிறகே உள்ளே தள்ளுங்கள். கரகரப்புக்கு மின்தொடுகை சுத்திகரிப்புத் திரவத்தைத் திருகியின் உள்ளே சிறிது அடித்து, இருபது தடவை இருபுறமும் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் விடுவது பெரிய தவறு. கச்சான் காற்று அள்ளி வரும் மணல் முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். மாரியில் பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். பருத்தித் துணியால் மூடி, வாரத்தில் ஒரு மணி நேரமாவது பாட விடுங்கள்.

மூதூரில் இருந்து: பற்றரி அறைக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

அல்கலைன் பற்றரி கசிந்தால் அப்படிப் பூக்கும். அது காரம், வெறுங்கையால் தொடாதீர்கள். தேசிக்காய்ச் சாறு தொட்ட பஞ்சால் தடவினால் நுரைத்துக் கரையும். பின் நீர் தொட்ட பஞ்சு, கடைசியில் அற்ககோல். தகடு அரித்துப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

தம்பலகாமத்தில் இருந்து: மத்திய அலையில் திருச்சி வானொலி இரவில் தெளிவாகக் கேட்கிறது, பகலில் இல்லை. சிற்றலையில் பிபிசி தமிழோசையும் வருவதில்லை. பெட்டியைக் கொண்டு வரட்டுமா, ஐயா?

வேண்டாம், பெட்டி நன்றாகவே இருக்கிறது. பகலில் வானத்தின் கீழடுக்கு ஒன்று மத்திய அலையை உறிஞ்சிவிடும். இரவில் அந்த அடுக்கு மறைய, திருச்சியின் 936 கிலோஹேர்ட்ஸ் அலை கடல் கடந்து வருகிறது. இன்னும் தெளிவு வேண்டுமானால் பெட்டியையே மெல்லத் திருப்பிப் பாருங்கள், மத்திய அலைக்கான ஏரியல் உள்ளே கிடக்கும், கம்பி சுற்றிய பெரைற் என்ற காந்தப்பொருள் தண்டுதான். பக்கத்தில் போன் சார்ஜர் இருந்தால் கழற்றிவிடுங்கள். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றுவிட்டது. அந்த நேரத்துக்கு வானொலியைத் திருப்பும் பழக்கம் எனக்கும் உடனே போகவில்லை.