ஒரு அன்ரெனா, பல ரிவி: கேள்வி பதில்

அண்ணை, ஜன்னலடியில் வைத்த சின்ன அன்ரெனாவில் முன்னறை ரிவி நல்லாய் இழுக்குது. அறையில் இருக்கிற பழைய பெட்டி ரிவியையும் அதிலேயே கொளுவலாமோ? (கிளிநொச்சி)

கொளுவலாம் தம்பி. ஆனால் வயரை உரித்து முறுக்கி ரேப் சுற்றுகிற வேலை வேண்டாம். வெளிப்பின்னலின் ஒரு நூல் உள்கம்பியில் தொட்டாலே போதும், இரண்டு ரிவியும் படுத்துவிடும். ஒரு வயரில் வருகிற சிக்னலை இரண்டாகப் பிரிக்கிற இரண்டு வழி ஸ்பிளிற்றர் ஒன்று வாங்குங்கள். அதில் ஒவ்வொரு பக்கமும் சிக்னல் ஏறக்குறைய 3.5 டெசிபல் குறையும், அதாவது பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் போய்ச் சேரும். நாலு வழியென்றால் 7 டெசிபல் போய்விடும். பிறகு தேவைப்படும் என்று நாலு வழி வாங்குவது வீண் நட்டம். வாங்கிவிட்டீர்கள் என்றால், சும்மா இருக்கிற வாய்களுக்கு, அன்ரெனா வயரின் அளவுக்குப் பொருந்துகிற 75 ஓம் மூடி போடுங்கள். இல்லாவிட்டால் பழைய ரிவியில் நிழல் படம் விழலாம்.

சிக்னலைப் பெருப்பிக்கிற பூஸ்ரர் போட்டும் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியுது. ஸ்பிளிற்றருக்குப் பிறகு, ரிவிக்குப் பக்கத்தில் பூட்டியிருக்கிறேன். (புதுக்குடியிருப்பு)

அங்கேதான் பிழை. வந்து சேர்ந்த புள்ளியையும் சேர்த்தே பூஸ்ரர் பெருப்பிக்கும். அதை அன்ரெனாவுக்குப் பக்கத்தில், ஸ்பிளிற்றருக்கு முன்னால் பூட்டுங்கள். அதற்கும் முதல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு ரிவியை மட்டும் நேரே அன்ரெனாவில் கொளுவிப் பாருங்கள். அப்போதும் புள்ளி என்றால் அன்ரெனா இருக்கிற இடம்தான் சரியில்லை. 2011இல் திறந்த கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 174 மீற்றர் உயரம். உங்களுக்கு அது மேற்குப் பக்கம். தகரக் கூரைக்குக் கீழே, உள்சுவரோடு வைத்தால் எவ்வளவு உயரக் கோபுரமும் உதவாது. மேற்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய், கம்பிகளை மெல்லத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கோபுரத்துக்குக் கிட்ட இருக்கிறவர்களுக்குப் பூஸ்ரரே வேண்டாம்; சிக்னல் மிஞ்சினால் ஒரு சனலுக்கு மேல் இன்னொன்று ஏறும்.

எங்கட பழைய ரிவியின் பின்னால் ஓட்டை இல்லை, இரண்டு ஸ்குரூதான் இருக்குது. (மல்லாவி)

அது 300 ஓம் வாய், தங்கச்சி. 75 ஓமை 300 ஆக மாற்றும் சின்ன மச்சிங் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எந்த வயர் எந்த ஸ்குரூவில் என்று யோசிக்கத் தேவையில்லை.

கனடாவிலிருந்து அண்ணா கொண்டுவந்த ரிவியில் ஒன்றும் வரவில்லை. மற்ற இரண்டிலும் தெரியுது. (மாங்குளம்)

அன்ரெனாவில் குறையில்லை. அங்கத்தைய ரிவிக்குள் இருக்கிற, சனலைப் பிடிக்கிற ரியூனர் வட அமெரிக்க முறைக்குச் செய்தது. இங்கே ஒளிபரப்பு பால் (PAL) என்கிற வேறு முறை. பின்னால் 120 வோல்ற் மட்டும் என்று எழுதியிருந்தால் நேரே பிளக்கில் செருகவே வேண்டாம். இங்கே 230.

பழையதில் சனல் வருது, புது எல்ஈடியில் ஒன்றுமே பிடிக்குதில்லை. (முல்லைத்தீவு)

தேடும்போது டிஜிற்றல் மட்டும் தெரிவாகியிருக்கும். மெனுவில் கேபிளை விட்டு அன்ரெனாவை எடுத்து, பழைய ஒளிபரப்பு முறையான அனலொக்கையும் சேர்த்துத் திரும்பத் தேடவிடுங்கள். பிடித்த பிறகும் பெட்டி ரிவியைவிடப் படம் மங்கலாய்த்தான் இருக்கும். பெரிய திரையில் அனலொக் படத்தை இழுத்து விரித்துக் காட்டுவதால் வருவது அது. கடைக்குத் திருப்பிக் கொண்டு ஓடாதீர்கள்.