சுருட்டுக்குப் பெயர் வந்த கதை

அன்புள்ள ஐயா,

துபாயில் வேலை பார்க்கும் என் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது ஒரு சுருட்டுப் பெட்டி கொண்டுவந்தார். மஞ்சள் பெட்டி. மூடியில் ஆறு வாள்கள் முக்கோணமாக நிற்க, 'மான்டி கிறிஸ்டோ' என்று எழுதியிருந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் 'மான்டி கிறிஸ்டோ' நாவலைச் சுருக்கிய தமிழ் வடிவத்தில் பள்ளி நாட்களில் படித்திருக்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டேன். கியூபாவில் சுருட்டு சுற்றுகிறவர்களுக்கு நாவல் வாசித்துக் காட்டுவார்கள், அப்படி வந்த பெயர் என்றார். விற்பனைக்காகக் கட்டிவிட்ட கதையோ என்று எனக்குச் சந்தேகம். இதே பெயரில் டொமினிகன் குடியரசிலும் சுருட்டு செய்கிறார்களாமே, எது அசல்? அந்த வாசிப்பு வழக்கம் இப்போதும் இருக்கிறதா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் மச்சான் சொன்னது சரிதான். விற்கிறவர்கள் அந்தக் கதையை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த வாசிப்பு வழக்கம் பிராண்டைவிட எழுபது வருடம் மூத்தது. எனக்குச் சுருட்டுப் பழக்கம் கிடையாது. இந்த வாசிப்புக்காகத்தான் கியூபாவின் தலைநகரான ஹவானாவின் சுருட்டு வரலாற்றையே தேடிப் படித்தேன். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1865 டிசம்பரில் ஹவானாவின் 'எல் ஃபிகாரோ' தொழிற்சாலையில் முதன்முதலாக ஒருவர் எழுந்து நின்று சத்தமாக வாசித்தார். அவர் வெளியாள் இல்லை, கூடவே உட்கார்ந்து சுருட்டு சுற்றியவர்தான். வாசிக்கிற நேரத்துக்கு அவருக்குக் கூலி போய்விடும் அல்லவா? அதை மற்றவர்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஈடுகட்டினார்கள். அதே வருடம் 'லா அரோரா' என்று தொழிலாளர்களுக்காக ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார் சாத்துர்னினோ மார்த்தினெஸ். அவரும் சுருட்டுத் தொழிலாளிதான். இந்த வழக்கம் பரவ அந்தப் பத்திரிகை பெரிய துணையாக இருந்தது. சில வாரங்களில் புகழ்பெற்ற பார்த்தகாஸ் தொழிற்சாலையிலும் வாசிப்பு வந்துவிட்டது.

நம் பக்கத்திலும் கண்ணூர்ப் பீடிப் பட்டறைகளில் இப்படி நடந்திருக்கிறது. ஒருவர் பத்திரிகை வாசிப்பார், அவர் கணக்கில் சேர வேண்டிய பீடிகளை மற்றவர்கள் சுற்றித் தருவார்கள். கியூபாவைப் பார்த்து இவர்கள் செய்திருக்க முடியாது. அந்த வேலையே அப்படிக் கேட்கிறது.

எப்படி என்றால், ஹவானாவில் சுருட்டு சுற்றுகிறவர் முன்னால் ஒரு பலகை இருக்கும். சில இலைகளை உள்ளங்கையில் மடித்து அடுக்குவார். காரமான இலை நடுவில் வரும், எளிதில் எரிகிற இலை அதைச் சுற்றி. இடையில் கொஞ்சம் காற்றுக்கு இடம் விட வேண்டும். இறுக்கினால் புகை வராது, தளர்த்தினால் ஒரு பக்கமாக எரிந்துவிடும். அதன்மேல் கட்டும் இலையைச் சுற்றி மர அச்சில் வைத்து அழுத்துவார்கள். கடைசியாக, நிழல் துணிக்குக் கீழே வளர்த்த மெல்லிய மேல் இலையை 'சவேத்தா' என்ற பிடியில்லாத கத்தியால் வகிர்ந்து, சாய்வாகச் சுற்றி, நுனியில் துளி பசை தொட்டு மூடுவார்கள். கண்ணும் கையும் நாள் முழுக்க இதிலேயே இருக்கும். இயந்திரச் சத்தம் கிடையாது. காது சும்மாதான் இருக்கிறது. பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாத காலத்தில் அந்தக் காது வழியாகத்தான் உலகம் உள்ளே வந்தது.

வாசிப்பு பிடித்திருந்தால் அந்தக் கத்தியால் பலகையில் தட்டுவார்கள். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் தட்டினால் அந்தக் கூடம் எப்படி அதிர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். எந்த எழுத்தாளனுக்கும் இதைவிட நேர்மையான விமர்சனம் கிடைத்திருக்காது.

அப்போது கியூபாவை ஆண்ட ஸ்பானியக் காலனி அரசு சும்மா இருக்குமா? 1866 மே மாதமே பட்டறைகளில் வாசிக்கக் கூடாது என்று ஆணை போட்டது. தொழிலாளர்கள் வேலைக்குச் சம்பந்தமில்லாததையெல்லாம் விவாதிக்கிறார்களாம். தடை வந்தது, போனது, மறுபடி வந்தது. அதற்குள் நிறையத் தொழிலாளர்கள் ஃபுளோரிடாவுக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள், வாசிப்பும் கூடவே போனது. 1891ல் ஹொசே மார்த்தி கியூப விடுதலைக்கு ஆதரவு திரட்ட டாம்பா நகரத்துக்கு வந்தபோது அவர் பேச்சைக் கேட்கக் கூடியவர்களில் பெரும்பகுதி இந்தச் சுருட்டுத் தொழிலாளர்கள்தான். பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டு அரசியல் படித்தவர்கள். அதே ஊரில் 1931ல் முதலாளிகள் வாசிப்பவர்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். சில இடங்களில் வாசிப்பவர் இருந்த மேடையில் வானொலிப் பெட்டி வந்து உட்கார்ந்தது. எந்த நாவலை வாசிப்பது என்று தொழிலாளிகள் வாக்களித்து முடிவு செய்தது போல, வானொலியில் எதைக் கேட்பது என்று வாக்களிக்க முடியாது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

சரி, டூமாவுக்கு வருவோம். செர்வான்டெஸ், ஹியூகோ, சோலா எல்லோரும் அந்தக் கூடங்களில் வாசிக்கப்பட்டவர்கள். ஆனால் மான்டி கிறிஸ்டோவுக்கு இருந்த மவுசு தனி. ஒரு காரணம் வெளிப்படையானது. அது 1844 முதல் 1846 வரை பாரீஸ் பத்திரிகையில் தொடர்கதையாக வந்த நாவல். ஒவ்வொரு பகுதியும் அடுத்ததற்கு ஏங்க வைக்கிற இடத்தில் நிற்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. குற்றம் செய்யாத மாலுமி எட்மண்ட் டான்டெஸ் பதினான்கு வருடம் சிறையில் கிடந்து தப்பிப்பதும், பணக்காரப் பிரபுவாகத் திரும்பி வந்து பழிவாங்குவதும் கூலிக்காரர்களுக்கு ஏன் பிடித்தது என்று விளக்கத் தேவையில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தச் சிறையில் டான்டெஸ் எப்படிப் படிக்கிறான்? பக்கத்து அறைக் கைதியான பாதிரியார் ஃபரியா கற்றுத் தருகிறார். ரோமில் அவருடைய நூலகத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் புத்தகங்கள் இருந்தன, அவற்றில் நூற்றைம்பதைக் கிட்டத்தட்ட மனப்பாடமாகவே வைத்திருக்கிறார். அந்த நினைவிலிருந்து அவர் சொல்லச் சொல்ல, இவன் கேட்டே மொழிகளும் கணிதமும் வரலாறும் படித்து வேறு மனிதனாகிறான். இந்தப் பகுதியை ஒரு சுருட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் தங்கள் கதையையே அதில் கேட்டிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். (நிஜ ஃபரியா கோவாக்காரர். 1756ல் கண்டோலிமில் பிறந்து பாரீஸ் போய் மனவசியத்தில் புகழ்பெற்றவர். டூமா அவர் பெயரை எடுத்துக்கொண்டு அவரை இத்தாலியராக்கிவிட்டார். பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது.)

1935ல் அலோன்சோ மெனென்டெஸ் புதிய சுருட்டு வகையை அறிமுகப்படுத்தியபோது இந்தப் பெயரைத்தான் வைத்தார். தொழிற்சாலையில் அந்த நாவலுக்கு இருந்த செல்வாக்குதான் காரணம் என்று கம்பெனி வரலாறே சொல்கிறது. முதலில் 'எச். உப்மான்' என்ற பழைய பெயரோடு சேர்த்து விற்றார்கள், பிறகு மான்டி கிறிஸ்டோ என்றே சுருக்கிவிட்டார்கள்.  பெப்பே கார்சியா என்ற கூட்டாளியோடு சேர்ந்து மெனென்டெஸ் அந்த உப்மான் தொழிற்சாலையையும் வாங்கினார். அளவுகளுக்குப் பெயர் யோசிக்காமல் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டார்கள். அதில் நான்காம் எண் உலகத்திலேயே அதிகம் விற்ற ஹவானா சுருட்டுகளில் ஒன்றாகிவிட்டது.

1960 செப்டம்பரில் காஸ்ட்ரோ அரசு சுருட்டுத் தொழிற்சாலைகளை நாட்டுடைமையாக்கியது. இரண்டு குடும்பங்களும் கிளம்பி கேனரித் தீவுகளுக்குப் போய்த் தொழிலைத் தொடர்ந்தன. 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபாமீது வர்த்தகத் தடை விதித்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர் தனக்கு 1,200 உப்மான் சுருட்டுகள் வாங்கிவரச் செய்ததைப் பின்னாளில் சொன்னவர், வாங்கிவந்த அவருடைய செய்திச் செயலாளர் பியர் சாலிஞ்சரேதான். அப்புறம் வழக்கு. கியூபாவில் நடந்த பறிமுதல் அமெரிக்காவில் பதிவான வணிகப் பெயரைத் தொடாது என்று 1972ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பங்கள் அந்த உரிமையை ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கு விற்றன. இன்று டொமினிகன் குடியரசில், லா ரோமானா ஊரில் செய்து அமெரிக்காவில் விற்கும் மான்டி கிறிஸ்டோ அந்த வழியில் வந்தது. கியூபச் சுருட்டை உலகின் மற்ற நாடுகளில் விற்பது ஹபானோஸ் நிறுவனம். 2000ல் அதில் பாதிப் பங்கை வாங்கிய அல்டாடிஸ் என்ற ஐரோப்பியப் புகையிலைக் குழுமத்திடமே அமெரிக்கப் பெயர் உரிமையும் இருந்தது. இரண்டு பக்கமும் காசு ஒரே பெட்டிக்குத்தான் போயிருக்கிறது!

எது அசல் என்று கேட்டால் நான் கியூபாவைத்தான் சொல்வேன். இழப்பீடு கிடைக்காமல் நாட்டைவிட்டுப் போன குடும்பங்கள் பக்கமும் நியாயம் உண்டு. விற்கும்வரை சட்டப்படி அந்தப் பெயர் அமெரிக்காவில் அவர்களுடையதாகத்தான் இருந்தது. ஆனால் முதலாளி அதைப் பெட்டிமேல் அச்சடிப்பதற்கு வெகுகாலம் முன்பே, கூலியிலிருந்து காசு போட்டு அந்தக் கதையைக் கேட்டவர்கள் ஹவானாத் தொழிலாளர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் அங்கேதான் சுற்றுகிறார்கள். துபாயில் வாங்கியது பெரும்பாலும் கியூபச் சரக்காகத்தான் இருக்கும். பெட்டியின் அடிப்பலகையைப் பாருங்கள். கியூபாவில் செய்யப்பட்டது, முழுக்கக் கையால் செய்யப்பட்டது என்று ஸ்பானிஷில் சூடுபோட்டிருக்க வேண்டும். இதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது, போலிகளும் இதைப் போட்டுக்கொள்வதுண்டு.

வாசிப்பு இப்போதும் இருக்கிறது. இன்று அது அரசுச் சம்பளம் வாங்கும் வேலை, பெண்களும் நிறையப் பேர் செய்கிறார்கள். 2012ல் கியூபா இதைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. புதிதாக வருபவர் சில நாள் வாசித்துக் காட்ட வேண்டும், பிறகு தொழிலாளர்கள் வாக்களித்து அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். காலையில் 'கிரான்மா' பத்திரிகை. அது கட்சிப் பத்திரிகை, அங்கே அவர்களுக்குத் தேர்வு இல்லை. மதியத்துக்கு மேல் நாவல். எந்த நாவல் என்பதை இன்றும் வாக்கெடுப்பில்தான் முடிவு செய்கிறார்கள்.

அன்புடன்.