சிலிண்டர் சின்னமும் மங்களவின் எச்சரிக்கையும்

வணக்கம் ஐயா,

2022இல் இலங்கைப் பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது ரணில் விக்கிரமசிங்கதான் பொறுப்பேற்றார். வரியைக் கூட்டினார், மின்கட்டணத்தைக் கூட்டினார், எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நின்ற வரிசைகள் இல்லாமல் போயின. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அதைச் சொல்லித்தான் வாக்குக் கேட்டார். கிடைத்தது 17 சதவீதம், மூன்றாம் இடம். இனிப்பாகப் பேசியவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். உண்மை பேசுகிற அரசியல்வாதி தோற்பான் என்பதுதானே இதன் அர்த்தம்? ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் என் மகன் இதைக் கேட்கிறான். என்னிடம் பதில் இல்லை.

எஸ்., வவுனியா

அன்புள்ள எஸ்.,

2022 மே மாதத்தில் அந்தப் பிரதமர் கதிரையில் உட்காரத் துணிச்சல் வேண்டியிருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். மின்கட்டணத்தை 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், ஆறு மாதம் கழித்து மேலும் 66 சதவீதமும் ஏற்றுவது எந்த அரசியல்வாதிக்கும் லேசான காரியமில்லை. 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்) ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்துக்குச் சம்மதித்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் இதையெல்லாம் அவர் யாரிடம் கேட்டுச் செய்தார்? 2020 பொதுத் தேர்தலில் அவர் தோற்றவர். கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தில் 2021இல் பாராளுமன்றத்துக்குள் வந்தார். 2022 ஜூலையில் அவரை ஜனாதிபதியாக்கியது 134 பாராளுமன்ற உறுப்பினர்களின் வாக்கு. அதில் பெரும்பகுதி, நாட்டை வங்குரோத்தாக்கிய அதே ராஜபக்ஷக்களின் கட்சியின் வாக்கு. மக்கள் பேச ஒரு வாய்ப்பு 2023 மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலாக வந்தது. திறைசேரியில் காசில்லை என்று அதையும் தள்ளிப்போட்டார்கள். அது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது, ஜனாதிபதித் தேர்தலுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கும்போது. கசப்பு மருந்தைக் கொடுத்தவர், அதைக் குடித்தவர்களின் வாயை இரண்டு வருடம் பொத்தியும் வைத்திருந்தார். அந்த 17 சதவீதத்தில் இந்தக் கணக்கும் உண்டு.

அடுத்தது அவருடைய பிரசாரம். சுயேச்சையாக நின்ற அவருக்குச் சின்னம் எரிவாயு சிலிண்டர். சுவரொட்டியில் அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு பிசைந்தது. 2022 மே மாதம் எங்கள் ஒழுங்கை முனையில் மூன்று நாள் வரிசை கிடந்தது. நின்றது ஆட்களல்ல, வெறும் சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் வீட்டு இலக்கத்தை எழுதி, கைப்பிடிக்குள் ஒரே சங்கிலியை விட்டுக் கோத்து, தந்திக் கம்பத்தில் பூட்டியிருந்தோம். இரவில் முறைவைத்துக் காவல். விலை 4,860 ரூபாய் ஆகியிருந்தது. காசு இருந்தவருக்கும் கிடைக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த சிலிண்டரின் சொந்தக்காரி மாடிவீட்டு பல்கனியில் கல் மூட்டி, பழைய யன்னல் பலகையைக் கொத்தி எரித்துப் பிள்ளைக்குக் கஞ்சி வைத்தார். லொறி வந்த அன்று எங்களுக்கு இருபது சிலிண்டர் முன்னாலேயே இருப்பு முடிந்தது.

அந்தச் சனத்திடம் போய், நானில்லாவிட்டால் மறுபடி வரிசைதான் என்று சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அது பயத்தைக் காட்டி வாக்குக் கேட்பது. இந்தச் சுமையில் யார் எவ்வளவு தூக்குவது, ஏன் பாண் வாங்குகிறவனுக்கும் அதிக பாரம், எப்போது இறக்கி வைப்போம் என்றுதான் மேடையில் பேசியிருக்க வேண்டும். பொருள் வாங்கும்போது கட்டும் வற் வரி 18 சதவீதம் எல்லோருக்கும் ஒன்றுதான், சம்பளம் ஒன்றல்ல.

எஸ்., நீங்கள் தேடுகிற துணிச்சலை நான் வேறொரு தேர்தலில் பார்த்தேன். 2019 நவம்பர். கோட்டாபய ராஜபக்ஷ வரியைக் குறைப்பேன் என்று வாக்குறுதி கொடுத்து நின்ற நேரம். யாருக்குத்தான் கசக்கும்? அப்போது நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர, இதை இப்படியே செய்தால் நாடு வங்குரோத்தாகும், இன்னொரு வெனிசுவேலா, இன்னொரு கிரீஸ் ஆகும் என்று பகிரங்கமாகச் சொன்னார். எந்த வரிசையும் இல்லாத காலம் அது. கடையில் பால்மா இருந்தது, பெற்றோல் இருந்தது. வரி குறையக்கூடாது என்று வாக்காளனிடம் சொல்ல எவருக்கு மனம் வரும்? அவர் சொன்னார்.

கோட்டாபய 52 சதவீதத்துடன் வென்றார். டிசம்பர் 1ஆம் திகதியே வற் வரி 15இலிருந்து 8 ஆனது. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் வியாபாரம் செய்தாலே அந்த வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லையை 30 கோடிக்கு உயர்த்தினார்கள். கொரோனாவும் இரசாயன உரத்தடையும் பிறகு சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனால் அவை வரும்போது பெட்டகம் ஏற்கெனவே காலி. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. மங்கள அதைப் பார்க்க இருக்கவில்லை. 2021 ஓகஸ்டில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. 2015இல் போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறல் கேட்ட ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் ஜெனீவாத் தீர்மானத்துக்கு இலங்கையின் இணை அனுசரணையைக் கொடுத்த வெளிநாட்டமைச்சரும் அவர்தான். மாத்தறைச் சிங்கள வாக்காளரை நம்பி அரசியல் செய்த ஒருவருக்கு அது எவ்வளவு ஆபத்தான கையெழுத்து என்று வவுனியாவில் இருக்கும் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. அவருடைய அணியே அந்த எச்சரிக்கையைத் தூக்கிப் பிடிக்கவில்லை. அந்த அணியின் வேட்பாளர் சஜித் பிரேமதாசவின் மேடையிலும் சலுகை வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. இவன் பத்துக் கொடுத்தால் நான் பன்னிரண்டு என்கிற ஏலத்துக்கு நடுவில் ஒரு நிதியமைச்சரின் கணக்கு யார் காதில் விழும்? ஆகவே உண்மை பேசித் தோற்றார்கள் என்று 2019ஐப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை. அதை அவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோகவே இல்லை.

2024இல் வென்று ஜனாதிபதியான அநுர குமாரவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐ.எம்.எஃப் உடன்பாட்டில் மறுபடி பேசுவோம் என்று வாக்குக் கேட்டவர், வந்த பிறகு பெரும்பாலும் அதே இலக்குகளைத்தான் காப்பாற்றுகிறார். நாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். மேடையிலேயே சொல்லியிருந்தால் இன்னும் மதித்திருப்பேன்.

சரி, உங்கள் மகனுக்கு. ரணிலின் 17 சதவீதத்தை அவர் கேட்கும்போது மங்கள 2019இல் சொன்னதைத் தேடி எடுத்துக் கொடுங்கள். பக்கத்தில் 2022 ஏப்ரல் பத்திரிகை ஒன்றையும் வையுங்கள். இரண்டையும் படித்துவிட்டு என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவருக்கே நேரடியாகப் பதில் எழுதுகிறேன்.