முதல் கரு தானாக நின்றது, இரண்டாவது ஏன் நிற்கவில்லை?

ராமநாதபுரத்தில் மகப்பேறு மருத்துவராக உட்கார்ந்து வருடங்கள் ஓடிவிட்டன. இந்தக் கேள்வி பதில் பகுதிக்கு இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "மொதப் பிள்ளை கல்யாணமான மறு மாசமே நின்னுருச்சு டாக்டரம்மா, இப்ப மட்டும் ஏன்?" முதல் பிரசவத்தின்போது இருந்த உடம்பு ஐந்து வருடம் கழித்து அப்படியே இருப்பதில்லை. மனைவிக்கும் இல்லை, கணவருக்கும் இல்லை. அதனால்தான் முதல் குழந்தையைச் சாட்சியாக வைத்து யாரும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

பாம்பன், வயது 29

பையனுக்கு 5 வயது. இரண்டு வருடமாக அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். தூரம் (மாதவிடாய்) 40 நாளுக்கு ஒரு தடவை வருகிறது, சில சமயம் இரண்டு மாதம்கூட ஆகிறது. ஸ்கேனில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தால் சரியாகுமா? எடை 74 கிலோ. பையன் பிறப்பதற்கு முன்னால் 60. வீட்டுக்காரர் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறார்.

ஆபரேஷன் வேண்டாம். 'நீர்க்கட்டி' என்ற பெயர்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. ஸ்கேனில் தெரிவது வெட்டி எடுக்க வேண்டிய கட்டி அல்ல. முழுதாக வளராமல் பாதியிலேயே நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். மாதா மாதம் ஒன்று முதிர்ந்து வெடிக்க வேண்டும். உங்களுக்கு அது அபூர்வமாகத்தான் நடக்கிறது. 28 நாள் சுற்று உள்ளவருக்கு வருடத்தில் 13 தடவை கரு நிற்க வாய்ப்பு உண்டு என்றால், 60 நாளுக்கு ஒரு தடவை வருகிறவருக்கு ஆறுதான், அதிலும் சில தடவை முட்டை வெடிக்காமலே ரத்தம் மட்டும் வந்துவிடும். இரண்டு வருடம் ஓடிப்போனதற்குக் காரணம் இதுதான், உங்கள் ராசி அல்ல.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பையிலிருந்து ஒரு மாதக் காலண்டரைச் சுருட்டியபடியே எடுத்து மேசையில் விரித்தார். ஐஸ் எத்தனை கட்டி, டீசலுக்கு எவ்வளவு பாக்கி என்று வீட்டுக்காரர் நீல மையில் கிறுக்கியிருந்தார். அதற்கு நடுவே சிவப்பு மையில் இவருடைய வட்டங்கள். எண்ணிப் பார்த்தேன்: 38, 52, 41, 67. முந்தின வாரம் எடுத்த ஸ்கேனைவிட அந்தக் காலண்டர் எனக்கு அதிகம் சொன்னது. நீங்களும் இன்றே ஆரம்பியுங்கள். ரத்தம் பட்ட முதல் நாளை வட்டமிட்டால் போதும். ஒரு முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ணினால், 24-இலிருந்து 38 நாளுக்குள் வந்தால் சரி. அதைத் தாண்டியே வந்துகொண்டிருந்தால் 'ஒரு வருடம் பார்ப்போம்' என்று காத்திருக்க வேண்டியதில்லை.

நாள் தள்ளிப்போனால் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. எனக்கு எப்போதும் தள்ளித்தானே போகும் என்று இருந்துவிட்டு, நாலாம் மாதத்தில் வந்து நிற்பவர்கள் உண்டு. அப்புறம் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), சர்க்கரை மூன்றும் பாருங்கள். தைராய்டு பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடலோரத்தில் இருக்கிறோம், அயோடின் தானாகக் கிடைத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உப்பளத்திலிருந்து நேராக மூட்டையில் வரும் கல்லுப்பில் அயோடின் மிக மிகக் குறைவு. கல்லுப்பே பிடித்தால் அயோடின் சேர்த்த கல்லுப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

எடையைப் பற்றிப் பேசினால் மனம் வருத்தப்படும் என்று தெரியும். 60-க்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற எடையில் நூற்றுக்கு 5-இலிருந்து 10 பங்கு குறைந்தாலே பலருக்கு முட்டை வெடிக்க ஆரம்பிக்கிறது. உங்கள் கணக்கில் 4-இலிருந்து 7 கிலோ. மீனைக் குறைக்காதீர்கள், சோற்றைக் குறையுங்கள். மூன்று வேளையும் சோறு, நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி, சாயங்காலம் வடை என்று இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். உளுந்தங்களி நல்லதா என்றும் பலர் கேட்கிறார்கள். சத்தான சாப்பாடு, வாரம் ஒரு நாள் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கருப்பட்டியும் இனிப்புதான், தினமும் வேண்டாம்.

மூன்று நான்கு மாதத்தில் சுற்று சரியாகவில்லை என்றால் முட்டையை வளர வைக்கும் லெட்ரோசோல் மாத்திரை இருக்கிறது. தூரமான இரண்டாவது அல்லது மூன்றாவது நாளில் தொடங்கி ஐந்து நாள் சாப்பிட வேண்டும். முட்டை வளர்வதை ஸ்கேனில் பார்த்துத்தான் இதைக் கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்காதீர்கள். ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதிருந்தே சாப்பிடலாம்.

அவர் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போவதால் நாள் தவறிவிடுமோ என்று கவலை வேண்டாம். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தாலே போதும் என்றுதான் நாங்களே சொல்கிறோம்.

உச்சிப்புளி, வயது 26

அரசு ஆஸ்பத்திரியில் மூன்று மாதக் கருத்தடை ஊசி (அந்தரா) நாலு தடவை போட்டேன். கடைசி ஊசி போட்டு 8 மாதம் ஆகிறது. இன்னும் தூரம் வரவில்லை. ஊசி கருப்பையைக் கெடுத்துவிட்டதா?

இல்லை. கடைசி ஊசிக்குப் பிறகு கரு நிற்கும் சக்தி திரும்ப 7-இலிருந்து 10 மாதம் ஆவது சகஜம். கர்ப்பப் பரிசோதனை ஒன்று செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஒரு வருடம் தாண்டினால் வாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். அடுத்த குழந்தை வேண்டும் என்று இரண்டு வருடம் கோயில் கோயிலாகப் போன ஒருவருக்கு நான் ஸ்கேன் பார்த்தபோது உள்ளே காப்பர் டி இருந்தது. பிரசவம் முடிந்த கையோடு வைத்திருக்கிறார்கள். வலியிலும் மயக்கத்திலும் அவருக்கு விளங்கவில்லை, விளங்கும்படி யாரும் திரும்பச் சொல்லவும் இல்லை. பத்து வருடம் வேலை செய்யக்கூடிய கருத்தடைச் சாதனம் அது. உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து ஒரு தடவை யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கீழக்கரை, வயது 33

மகள் பிறந்து 6 வருடம். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், வருடத்துக்கு 40 நாள் லீவு. 4 வருடமாகக் குழந்தை தங்கவில்லை. எனக்கு மாதம் தவறாமல் 30 நாளில் வந்துவிடும். குறை என்னிடம்தான் என்று மாமி வைத்தியத்துக்குப் போகச் சொல்கிறார்கள்.

மாமியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நாலு லீவு, 40 நாள் வீதம் 160 நாள். நீங்கள் இருவரும் சேர்ந்து இருந்தது ஆறு மாதம்கூட இல்லை. எந்தக் குறையும் இல்லாத தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு நிற்கும் வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒன்றுதான். சேர்ந்து வாழ்ந்து ஒரு வருடம் ஆன பிறகுதான் குழந்தையின்மை என்ற சொல்லையே நாங்கள் எடுப்போம்.

அடுத்த லீவை வீணாக்காமல் இருக்கப் பாருங்கள். முட்டை வெடிப்பது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னால். உங்களுக்கு 16-ஆம் நாளை ஒட்டி வரும். அதற்கு முந்தின ஐந்து நாளும் அந்த நாளும்தான் முக்கியம், அதாவது 11-இலிருந்து 16 வரை. அவர் உங்களுடைய 17-ஆம் நாளில் வந்து இறங்கினால், அந்த 40 நாளில் இப்படி ஒரு வாய்ப்புதான். 6-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள் இறங்கினால் இரண்டு வாய்ப்பு. டிக்கெட் போடும் முன் உங்கள் தேதியைச் சொல்லிவிடுங்கள். கம்பெனி கொடுக்கும் லீவு எல்லாம் நம் இஷ்டத்துக்கு அமையாது என்பது தெரியும், ஒரு வாரம் முன்பின் நகர்த்த முடிந்தாலும் பெரிய வித்தியாசம்.

உங்கள் ரத்தப் பரிசோதனைகளை அவர் வருவதற்கு முன்பே முடியுங்கள். விந்துப் பரிசோதனையை அவர் அங்கேயே செய்துகொண்டு ரிப்போர்ட்டை போனில் அனுப்பலாம். லீவு நாட்கள் ஆஸ்பத்திரி வரிசையில் கழியக் கூடாது. வயது 33 ஆகிறது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மண்டபம், வயது 36

தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறேன். நாலு மணி நேரம் தண்ணீருக்குள்தான். கருப்பை குளிர்ந்துபோனதால்தான் இரண்டாவது தங்கவில்லை என்கிறார்களே?

கருப்பை குளிர்வதில்லை, கடல் தண்ணீர் அங்கே போவதும் இல்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உங்களோடு முங்கி எடுக்கிற பெண்களையே எண்ணிப் பாருங்கள், மூன்று நான்கு பெற்றவர்கள் எத்தனை பேர்! வேறு இரண்டு விஷயங்களைத்தான் நான் கவனிப்பேன். விடியற்காலையில் கஞ்சி குடித்துவிட்டு மத்தியானம் வரை ஒன்றும் சாப்பிடாமல் இவ்வளவு உழைத்து, எடையும் 40 கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தால், சத்துப் போதாமலே மாதவிடாய் தாறுமாறாகும். இரண்டாவது, நாற்றத்துடன் வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் காய்ச்சலும் இருந்தால் கருக்குழாய் அடைபடும் அபாயம் உண்டு, கணவரையும் சேர்த்து வைத்தியம் செய்ய வேண்டும். 35 தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. உடனே வாருங்கள்.

தேவிபட்டினம், வயது 31

இரண்டு வருடம் முன் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கருவைக் கலைத்தேன். 20 நாள் ரத்தம் நிற்காமல் காய்ச்சல் வந்து, பிறகு சுத்தம் செய்தார்கள். அதிலிருந்து தேதிக்குச் சரியாக வருகிறது, ஆனால் அரை நாள்தான், ஒரு பேடுகூட நனைவதில்லை. இப்போது குழந்தை வேண்டும். நான் செய்த பாவமா?

பாவம் இல்லை அம்மா. உங்களுக்கு நடந்தது ஒரு மருத்துவச் சிக்கல், அதற்கு மருத்துவம் இருக்கிறது. சுத்தம் செய்தபோதோ கிருமி சேர்ந்தபோதோ கருப்பையின் உள்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். தேதி சரியாக இருந்து அளவு மட்டும் குறைந்துபோனால் என் முதல் சந்தேகம் அதுதான். கருப்பைக்குள் சின்னக் கேமரா விட்டுப் பார்த்து, ஒட்டியிருந்தால் அப்போதே பிரித்துவிடலாம். கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும், மாதவிடாய் நின்ற பிறகு, 7-இலிருந்து 10-ஆம் நாளுக்குள். கருப்பையில் காசநோய் இருந்தாலும் இப்படித்தான் அளவு குறையும். இருமல் இல்லாமலே வரும் காசநோய் அது. உள்சதையைக் கொஞ்சம் எடுத்து அதற்கும் சோதிக்கச் சொல்லுங்கள். காசநோய் மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: கருவைக் கலைக்க வேண்டிய நிலை வந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மருத்துவரிடம் நேராக வாருங்கள், மெடிக்கல் கவுண்டரில் ரகசியமாகக் கேட்காதீர்கள்.

தொண்டி, வயது 28

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய் நாலு பாட்டில் ஏற்றினார்கள். பால் சுரக்கவே இல்லை. இரண்டரை வருடமாகத் தூரமும் வரவில்லை. எப்போதும் அசதி, எழுந்தால் தலைசுற்றல், கொஞ்சம் காற்றடித்தாலும் குளிர்கிறது. பிள்ளை பெற்ற உடம்பு, போகப் போகச் சரியாகும் என்கிறார்கள்.

வந்த கேள்விகளில் நான் இரண்டு தடவை படித்தது இதைத்தான். போகப் போகச் சரியாகாது. இந்த வாரமே போக வேண்டும். பிரசவத்தில் ரத்தம் மிகுதியாகப் போனால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு ரத்தம் எட்டாமல் அது பழுதாவது உண்டு. பால், மாதவிடாய், தைராய்டு, உடம்பின் தெம்பு எல்லாவற்றுக்கும் உத்தரவு அங்கிருந்துதான். சேர்ந்தாற்போல எல்லாமே நின்றிருப்பதால் எனக்கு அந்தச் சந்தேகம். ஷீஹன் நோய் என்பார்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், "பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்கள், பால் வரவில்லை, தூரம் வரவில்லை" என்ற மூன்றையும் இதே வரிசையில் சொல்லுங்கள். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்த பிறகுதான் தைராய்டு மாத்திரை தொடங்க வேண்டும், மாற்றிச் செய்தால் ஆபத்து. அதுவரை காய்ச்சலோ வாந்தியோ வந்தால் வீட்டில் படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அடுத்த குழந்தையைப் பற்றி அப்புறம் பேசுவோம். ஹார்மோன் ஊசிகளால் அதற்கும் வழி உண்டு, ஆனால் முதலில் நீங்கள் தேற வேண்டும்.

ராமேஸ்வரம், வயது 37 (கணவர் எழுதியது)

மனைவிக்கு எல்லா டெஸ்டும் நார்மல். என்னையும் டெஸ்ட் செய்யச் சொல்கிறார்கள். முதல் பிள்ளைக்கு அப்பன் நான்தானே, எனக்கு எதற்கு?

கேட்டதற்கு நன்றி தம்பி, பலர் கேட்காமலே மறுத்துவிடுகிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு எட்டு மாதம் மாத்திரை கொடுத்தேன், கணவரைச் சோதிக்கச் சொல்லவில்லை. பிறகு பார்த்தால் அவருக்கு விதைப்பையில் ரத்தக் குழாய் வீங்கிச் சுருண்டிருந்தது, அணுக்கள் மிகக் குறைவு. அவருக்கும் ஏற்கெனவே ஒரு குழந்தை உண்டு. அந்த எட்டு மாதம் அந்தப் பெண் வீட்டில் வாங்கிய பேச்சுக்கு நானும் ஒரு காரணம். அதிலிருந்து இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

முதல் பிள்ளையின்போது இருந்த அணுக்கள் இப்போது உங்களிடம் இல்லை. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகிறது. படகு இஞ்சின் பக்கத்துச் சூடு, பீடி, குடி, வாயில் அடக்கும் புகையிலை எல்லாம் அந்த இரண்டரை மாதத்தில் வேலையைக் காட்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையிலேயே இருப்பதால் குடி கூடிவிடும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அந்த 61 நாளை, ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, குடிக்காமல் புகைக்காமல் இருக்கப் பயன்படுத்திக்கொண்டால் அடுத்து வரும் அணுக்களுக்கு நல்லது.

பரிசோதனைக்கு ஊசிகூட இல்லை. இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் விலகி இருந்துவிட்டு, லேபில் கொடுக்கும் டப்பாவில் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் அணுக்களும், அதில் நூற்றுக்கு 42 அசைவோடும் இருந்தால் சரி. குறைந்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துத்தான் முடிவு செய்வோம். வீட்டிலிருந்து கொண்டுவருவதானால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். ஐஸில் வைக்காதீர்கள், சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவாருங்கள்.