துறைக்குப் பொருத்தமானவரா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? வன்னி வாசகர் கேள்விகள்

கணிதப் பிரிவில் படிக்கிறேன். அமெரிக்காவில் சுற்றாடல் பொறியியல் படிக்க விருப்பம். ஒலிம்பியாட் பதக்கமோ ஆய்வு அனுபவமோ இல்லை. எதைக் காட்டுவது?
– மாணவர், கிளிநொச்சி

தம்பி, பதக்கம் இல்லையென்று சோர வேண்டாம். போட்டி கடுமையான கல்லூரிகள், அந்தத் துறைக்கு வேண்டிய பாடங்களில் உங்கள் பெறுபேறு, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், வகுப்புக்கு வெளியே நீங்கள் செய்தவை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கின்றன. உங்கள் பாடசாலையில் என்ன வசதி இருந்தது என்பதும் கணக்கில் வரும். அதனால் பாடசாலை பற்றிய அறிக்கையில் ஆய்வுகூடத்தின் நிலையை உள்ளபடி எழுதச் சொல்லி அதிபரிடம் கேளுங்கள்.

இரணைமடுத் தண்ணீரில் விளையும் ஊர்ப் பிள்ளை "எனக்குச் சுற்றாடலில் ஆர்வம்" என்று மட்டும் எழுதினால், அதை யாரும் எழுதலாம். சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் எவ்வளவு பிந்தி வருகிறது என்று கொப்பியில் குறித்திருக்கிறீர்களா? மண் உறிஞ்சுகிறதா, கட்டு உடைந்திருக்கிறதா என்று நடந்து போய்ப் பார்த்தீர்களா? முதலில் நினைத்த காரணம் பிழைத்ததா? அதை எழுதுங்கள். இந்தத் துறையில் ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்பது அதில்தான் தெரியும். இன்னும் செய்யவில்லையென்றால் வருகிற போகத்திலேயே தொடங்கலாம், ஒரு கொப்பியும் அளவுகோலும் போதும்.

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் 'கொமன் அப்' விண்ணப்பத்தில் 10 செயற்பாடுகள் வரை போடலாம், ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள்தான் இடம். வயல் வேலை, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டது போன்ற குடும்பப் பொறுப்புகளும் அங்கே செல்லும். நம் பிள்ளைகள் பலர் இதை வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

மகளுக்குக் கணினி விஞ்ஞானம்தான் விருப்பம். போட்டி குறைந்த துறையைப் போட்டு உள்ளே போய்விட்டுப் பிறகு மாறலாம் என்கிறார்களே?
– தாய், முல்லைத்தீவு

வேண்டாம் அம்மா. கார்னெகி மெலன் போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணினி விஞ்ஞானத்துக்குத் தனியாகவே தெரிவு செய்கிறார்கள், பிறகு அதற்குள் மாறுவது மிகக் கடினம். எம்.ஐ.டி.யில் துறையைப் பார்த்து அனுமதிப்பதில்லை. முதலாம் ஆண்டுக்குப் பிறகுதான் துறை தெரிவு, ஆகவே அங்கே இந்த வழியால் ஒரு பயனுமில்லை. அதோடு, மகள் செய்ததெல்லாம் கணினியாக இருக்க, விண்ணப்பத்தில் வரலாறு என்று போட்டால் வாசிப்பவருக்குப் பொருந்தாமல் தெரியும். காசு வாங்கிக்கொண்டு இப்படி யோசனை சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

பிரித்தானியாவுக்கு எழுதும்போது மாணவத் தலைவராக இருந்தது, கிரிக்கெட் எல்லாம் போடலாமா?
– மாணவி, வவுனியா

போடலாம், ஒரு வரி போதும். 2026 அனுமதியிலிருந்து, பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொது அமைப்பான யூகாஸில் ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் பாடம், படிப்பு உங்களை எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே எப்படித் தயாரானீர்கள். மொத்தம் 4000 எழுத்துகள். முதல் இரண்டும் பாடம் பற்றியவை, கூடிய இடத்தை அவற்றுக்கே கொடுங்கள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்கலாம். அங்கே நேர்முகத்தில், பாடத்தைப் பொறுத்து, தெரியாத கணக்கொன்றையோ கேள்வியொன்றையோ தந்து, நீங்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். இப்போதே ஆசிரியரோடு பழகுங்கள்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களும் இப்படிப் பார்க்குமா?
– மாணவர், மாங்குளம்

பெரும்பாலும் இல்லை, உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளிதான். பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னி மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. கட்டடக்கலை போன்ற சில துறைகளுக்கு மட்டும் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதனால் பொருத்தம் பார்ப்பது உங்கள் வேலையாகிறது. விருப்ப வரிசையை நிரப்ப முன், கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்திலோ விவசாய பீடத்திலோ படிக்கும் ஒருவரைச் சந்தித்து, முதலாம் ஆண்டில் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.