வேக்கம் பம்ப் நின்றால் எதை நம்புவது?

கேள்வி: என் செஸ்னா 172 சிறு விமானத்தில், விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியான செயற்கை அடிவானம், காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்பில் ஓடுகிறது. பாலக்காட்டுக் கணவாயில் தென்மேற்குப் பருவ மேகம் சூழ்ந்தால் கைகொடுக்க, மாற்றுக் கருவியாக எதை வாங்கலாம்?
– வாசகர், வாளையார்

பதில்: எண்ணெயில்லாத உலர் பம்பின் கார்பன் தகடுகள் சொல்லாமல் உடைந்துவிடும். கருவிக்குள் சுழலும் சக்கரமான கைரோவோ உடனே நிற்காது. சில நிமிடங்கள் வேகம் தளர்ந்து மெல்லச் சாயும். அந்தப் பொய்ச் சாய்வை நம்பித் திருத்தினால் விமானம் சுழல் இறக்கத்தில் போய்விடும். பம்பின் உறிஞ்சலை அளக்கும் உறிஞ்சல் மீட்டரையும், கருவிகளை மாறி மாறிப் பார்க்கும் உங்கள் பார்வைச் சுற்றில் சேருங்கள், சுமார் 4.5 முதல் 5.5 அங்குலப் பாதரசம் காட்ட வேண்டும். அந்த அளவு விழுந்தால் செயற்கை அடிவானத்தைக் காகிதத்தால் மூடிவிடுங்கள்.

இரண்டாவது வேக்கம் கருவி வாங்காதீர்கள். பம்ப் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். தனி பேட்டரி உள்ள மின்கருவிதான் சரி. சுழல் கைரோ வகையென்றால் விமானத்தின் வோல்டேஜ், டேஷ்போர்டு சாய்வுக் கோணம் இரண்டையும் சொல்லி ஆர்டர் செய்யுங்கள். கோணம் மாறினால் மட்டநிலையிலேயே மூக்கு தூக்கியோ தாழ்ந்தோ காட்டும்.

எங்கள் தேர்வு கார்மின் ஜி5 போன்ற எலெக்ட்ரானிக் வகை. சுழலும் பாகம் இல்லை, வழக்கமான 3⅛ அங்குலத் துளையிலேயே உட்காரும். பேட்டரி 4 மணி நேரம் வரை தாங்கும் என்பது புதிதில்தான். ஆண்டுதோறும் தரையில் விமானத்தின் மின்சாரத்துக்கான மாஸ்டர் சுவிட்சை அணைத்து, எவ்வளவு நேரம் ஓடுகிறதென்று குறித்து வையுங்கள். பொருத்தும் முன் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ-வின் ஒப்புதல் பற்றி உங்கள் பராமரிப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். விமானம் திரும்பும் வேகத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டரைக் கழற்ற வேண்டாம்.