மருந்தை மாற்றியும் கொசு சாகவில்லை என்று கேட்டவருக்கு

ஐயா, திருப்பூரில் சாக்கடையோரம் வீடு, வேறு வேறு நிறுவனங்களின் திரவ மருந்தைப் போட்டும் கொசு சாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெயர்தான் வேறு, அவற்றில் இருக்கும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின், பிராலெத்ரின் என்ற கொசுக்கொல்லிகள் இரண்டுமே பைரித்ராய்டு என்ற ஒரே வகை. கொசுவின் நரம்பில் சோடியம் புகும் வாயிலைப் பிடித்துத்தான் அவை கொல்லும். அந்த வாயிலுக்கான மரபணு சற்றே மாறிய கொசுக்களை மருந்து சரியாகப் பற்றுவதில்லை. மற்றவை சாகச் சாக, தெருவில் மிஞ்சிப் பெருகுவது இந்த வம்சமே. சில கொசுக்கள் மருந்தையே சிதைக்கும் நொதிகளைக் கூடுதலாகச் சுரக்கின்றன.

அளவைக் கூட்டாதீர்கள், குழந்தை தூங்கும் அறையில் வேண்டவே வேண்டாம்! சாக்கடைக் கொசு பெரும்பாலும் கியூலெக்ஸ் என்ற வகை. நீர் தேங்குமிடத்தில் பாசிலஸ் பாக்டீரியா மருந்து தெளிக்கும்படி மாநகராட்சியிடம் விடாமல் கேளுங்கள். அது நீரில் வளரும் கொசுப் புழுவின் குடலைத் தாக்குவது, நரம்பை அல்ல. இன்றிரவுக்குக் கொசுவலையே போதும்.